வடிவாப் பாருங்கோ

சனிக்கிழமை இரண்டரைக்கு வகுப்பு.
கொக்குவில் சந்திக்கு அங்காலே
பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
எனக்கு நாற்பத்தொன்று.
பக்கத்துக் கதிரையில்
ஏ.எல். எழுதப்போகும் டிலுக்சனா
தன் அழிறப்பரை பிளேட்டால் வெட்டிப்
பாதியைத் தந்தாள்:
"அங்கிள் கனக்க அழிக்கிறீங்கள்."

கிழமை நாட்களில் நான் லீசிங் கம்பனி.
மூன்று தவணை பிந்தினால்
கேற்றடியில் வந்து நிற்கிற ஆள்.
செசி இலக்கம், ரயரின் தேய்வு,
தாங்கியில் நசிவு இருக்கா இல்லையா,
எல்லாம் ஒரு பார்வையில் பிடிப்பேன்.
வாகனத்துக்குப் பின்னால் நிற்கிற முகத்தில்
கண்படாமல் திரும்பவும் பழகியிருந்தேன்.

முதல்நாள் மேசையில் ஒரு கேத்தில்.
மூக்கு, பிடி, மூடி.
பத்து நிமிசத்தில் முடித்துப் பென்சிலை வைத்தேன்.
லக்சிகா மிஸ்
(என் தங்கச்சியின் மகளைவிட ஒரு வயசு கூட)
தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"நீங்கள் கேத்தில் எண்ட சொல்லைக் கீறியிருக்கிறீங்கள்.
இந்தக் கேத்திலில ஒரு சொட்டை இருக்கு.
வடிவாப் பாருங்கோ."

இருந்தது.
அதற்குள் யன்னலும் இருந்தது, வளைந்து,
யன்னலுக்குள் ஒரு முருங்கை,
முருங்கைக்குக் கீழே
பயத்தங்காய் அளவில் நான்.

நாலு மணிக்குக் கலை வரலாறு.
யன்னலில் சாரம் கட்டி இருட்டாக்குவோம்.
எகிப்துக்காரரின் முகம் ஒரு பக்கம், கண் நேரே:
மினிபஸ் கொண்டக்டர் என்றான் ஒருத்தன்.
சிரித்து முடியமுன் கிரேக்கம் வந்தது,
தோளோடு நின்றுபோன சலவைக்கற்கள்.
பின்வாங்கில் இருந்து அன்ரன் கேட்டான்,
"கையில்லாமலும் வடிவு எண்டு சொல்லலாமோ மிஸ்?"
அவனுக்கு இடதுகை முழங்கையோடு சரி.
அவன் கேட்டது சந்தேகம்தான், வேறொன்றுமில்லை.
மிஸ் யோசித்தாள். "தெரியாது" என்றாள்.
ஆண்டு, நாடு, கல்லின் பெயர்
எல்லாவற்றுக்கும் கீழே
அந்தத் தெரியாதையும் கொப்பியில் எழுதினேன்.

பிறகு குகை.
யாரோ கையைச் சுவரில் வைத்து
வாயில் குழைத்த செம்மண்ணை
அதைச் சுற்றி ஊதியிருக்கிறார்கள்.
"கையில நிறமே படேல்லை, பாருங்கோ.
கை எடுபட்ட இடம்தான் கை."
அப்போது கறண்ட் போனது.
இருட்டுக்குள் நாங்கள் பதினொரு பேரும்
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம்.

புதன்கிழமை, அரியாலை.
வண்டி ஏலம் போன பிறகும்
மிச்சம் நிற்கிற காசு.
தவமலர் அக்கா பொலித்தீன் பையை அவிழ்த்தாள்.
"கட்டின துண்டெல்லாம் இருக்கு தம்பி,
வடிவாப் பாருங்கோ."

துண்டைத்தான் பார்க்க வந்தவன்.
போர்ட்டிக்கோ நிலத்தைப் பார்த்தேன்.
ஒயில் சொட்டிய கறுப்பு வட்டம்.
சுவரில் ஹாண்டில் உரசிய தழும்பு.
இந்தப் பக்கம் செருப்புகள், அந்தப் பக்கம் பூச்சாடி,
பம்ப் மூலையில், ஹெல்மெட் ஆணியில்.
பங்குனியில் நான்தான் உருட்டிக்கொண்டு போனேன்.
ஆறு மாதமாய் அந்த நடுவுக்குள்
ஒரு சாமானும் நகரவில்லை.
கூட்டுமாறுகூட அதைச் சுற்றித்தான் போயிருக்கிறது.

துண்டுகள் சரியாய்த்தான் இருந்தன.
கணக்குத்தான் வேறு.
அதை அவளுக்குச் சொன்னேன்,
முகத்தைப் பார்த்து.
இடது புருவத்தில் ஒரு வெட்டு, பழசு.

அன்றிரவு நோட்டீஸ் கடதாசியின் பின்பக்கத்தில்
செருப்புகளைக் கீறினேன். பூச்சாடி. பம்ப்.
ஆணியில் தொங்குகிற ஹெல்மெட்.
நடுவைத் தொடவில்லை.

சனிக்கிழமை மிஸ் தாளைத் தூரப்பிடித்து
"வடிவாயிருக்கு" என்றாள்.
அந்தச் சொல் காதில் சுட்டது.
டிலுக்சனா எட்டிப் பார்த்தாள்,
வெறும் வெள்ளையைப் பென்சில் நுனியால் காட்டி,
"ஆற்றை மோட்டச்சைக்கிள் அங்கிள்?"

செவ்வாய்க்கிழமை
திரும்பவும் அரியாலைக்குப் போகவேணும்.