குண்டு விழுந்த தூரம்

மூன்று மடிப்புத் தாள். ஆறு பக்கம்.
ஒன்றில் எப்படி வருவது என்ற வரைபடம்,
ஒன்றில் வாழ்த்துச் செய்திகள்,
மிச்சம் நாலில்
கடலூரை அடக்கச் சொன்னார்கள்.

பாண்டி போகிற பேருந்தில்
எங்கள் ஊர் ஒரு தூக்கம்.
சிதம்பரம் போகிற பேருந்தில்
எங்கள் ஊர் ஒரு டீ.
பாலத்தில் குலுங்கும்போது ஒற்றைக் கண் திறந்து
'பாண்டி வந்துடுச்சா?' என்பார்கள்.
'இல்ல' என்பார் நடத்துநர்.
அந்த 'இல்ல'தான் நாங்கள்.

முதல் வரைவில்
திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலைத் தாண்டவே
ஒன்றரைப் பக்கம் ஆயிற்று.
கரையேறவிட்டகுப்பம் என்று
ஒரு நிகழ்ச்சியையே பெயராக வைத்துக்கொண்ட இடம் இருக்கிறது,
யார் ஏறினார், எதிலிருந்து என்று
அடுத்த பத்தியில் தொடங்கியிருந்தேன்.
அதிகாரி சிவப்பு மசியில் சுழித்தார்:
'பேரு நீளம். சில்வர் பீச் போதும்.
படம் பெருசா.'

அந்தச் சனிக்கிழமை
நெய்வேலியிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வந்தது.
நாற்பத்தாறு பேர். மூவர் வாந்தி.
தேவனாம்பட்டினத்தில் இறக்கி
'இதுதான் கோட்டை' என்றேன்.
'எது சார்?'
நியாயமான கேள்வி.
செங்கல் கொஞ்சம், முள் கொஞ்சம்,
பக்கத்தில் உப்பேறிப் படுத்திருக்கும் கெடிலம்.
'விற்றது மராட்டியர், வாங்கியது ஆங்கிலேயர்,
தகர்த்தது பிரெஞ்சுக்காரர்.'
'நம்மாளுங்க என்ன பண்ணாங்க?' என்றாள் சாலிஹா.
நான் கையிலிருந்த தாளைப் புரட்டினேன்.

பிறகு குண்டுக் கதையைச் சொன்னேன்.
கொடுத்த காசுக்குக் கோட்டை மட்டும் இல்லை.
பீரங்கி சுட்டு,
குண்டு எட்டிய தூரம் வரை
வயல், தோப்பு, வரி, வாய்க்கால்
எல்லாம் வாங்கியவனுக்கு.
இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்றே
பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அந்தப் பலகையை ஒரு நாளைக்கு எத்தனை பேர் கடக்கிறோம்,
சத்தமே கேட்காமல்.

யாரும் குறிப்பெடுக்கவில்லை.
பின்னால் ஒருவன் டென்னிஸ் பந்தை
தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.
சாலிஹா பறித்தாள்.
'எது வரைக்கும் போவுதோ, எனக்கு.'
இடது கை.
சுவரோரம் வரை ஓடிவந்து விட்டாள்.
முள்ளைத் தாண்டி
கவிழ்த்த படகைத் தாண்டி
காயப்போட்ட நெத்திலி நடுவே
விழுந்தது.

நாற்பத்தாறு பேரும் நாடு பிடிக்க ஓடினார்கள்.

அஞ்சலாட்சி எழுந்திருக்கவில்லை.
பந்தை எடுத்து, செதில் தட்டி,
மடியில் செருகிக்கொண்டாள்.
'அக்கா, பந்து.'
'எம் மண்ணுல வுழுந்துது. பந்து என்னுது.'
'பந்து போன தூரம் எங்களுதுக்கா.'
'அப்டின்னு எவன் சொன்னான்?'

நாற்பத்தாறு தலைகளும்
என் பக்கம் திரும்பின.

முந்நூறு வருஷத்துக்கு மேல் தாமதமாக
அந்தக் கேள்வி
என்னிடம் வந்து நின்றது.
சுட்ட நாளில் வயலில் குனிந்திருந்தவனிடம்
ஒரு வார்த்தை கேட்டார்களா?
குண்டு விழுந்த குழியை யார் தூர்த்தது?
ஆறு பக்கத்தில் எங்கும் இல்லை.
வாழ்த்துச் செய்தியிலும் இல்லை.

கடைசியில் பிரிசில்லா டீச்சர்தான் பேசித் தீர்த்தார்.
இரண்டு கிலோ கருவாடு, சொன்ன விலை.
பந்து திரும்பியது.
சாலிஹா அதை முகர்ந்து பார்த்துவிட்டு
பையில் போட்டுக்கொண்டாள்;
சொந்தக்காரன் கேட்கவில்லை.
நெய்வேலி வரைக்கும் பேருந்து மணத்திருக்கும்.
ஒருத்தரும் தூங்கியிருக்க முடியாது.

திங்கட்கிழமை
நாலாம் பக்கத்தில் கடலைச் சின்னதாக்கிவிட்டு
எழுதினேன்:
'வாருங்கள். வரும்போது ஒரு பந்து கொண்டுவாருங்கள்.
விழுகிற இடம் யாருடையது என்று
அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.'

அதிகாரி இன்னும் சுழிக்கவில்லை.
விடுப்பில் இருக்கிறார்.
பாண்டியில்.