உட்பிரிவு

நெடுங்கல் அணைக்கட்டுக்குக் கீழே
பெங்களூரா மாந்தோப்பு, ஒன்றே முக்கால் ஏக்கர்.
கூட்டுப் பட்டா.
உடைத்துத் தரச் சொல்லி மனு.
திம்மராஜும் நஞ்சப்பனும்
சங்கிலியின் முனைக்கு ஒருவராய்ப் பிடித்துக்கொண்டார்கள்.
அளக்க வந்த எனக்குப் பிடிக்க எதுவும் மிச்சமில்லை.

மூன்றாம் கல்லுக்குக் குழி எடுக்கையில்
கடப்பாரை நுனியில் பச்சையாய் ஏதோ.
சட்டைப் பொத்தான் என்றான் குழி வெட்டியவன்.
"தங்கமா?" என்றான் நஞ்சப்பன்.
வெண்கலம். களிம்பேறியது.
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

வெயிலில் சாய்த்தால்
ஈட்டியோடு ஒருவன்,
ஈட்டியோடு இன்னொருவன்.
ரோமாபுரிக் காசு என்றேன்.
மிளகுக்கு வந்ததோ மணிக்கு வந்ததோ,
பெண்ணையாறு எங்கிருந்து உருட்டியதோ.
ஒரே ராஜ்யத்துக்கு இரண்டு ராஜாக்கள்
சேர்ந்து நின்றதுண்டு என்று எங்கோ படித்தது.

"ஒசரமா இருக்கறவன்தான் மூத்தவன்."
"தேஞ்சு போனவன் குள்ளமாத்தான் தெரிவான்."
கிணறு யார் பக்கம் என்ற பேச்சு
அங்கிருந்து மறுபடி கிளம்பியது.

மோட்டார் ரூம் நிழலில் தங்கை சாலம்மா.
ஓசூர் கம்பெனியில் ஒருநாள் லீவு.
கல் நட்டதும் காவேரிப்பட்டணம் பத்திர ஆபீஸ்,
அங்கே ஒரு கையெழுத்து,
அப்படியே நாலு பத்து பஸ்.
எழுந்து வந்து காசை வாங்கினாள்.
பாட்டில் தண்ணீரைச் சாய்த்துக் கழுவி
துப்பட்டா ஓரத்தால் அழுத்தித் துடைத்தாள்.
கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"நடுவுல ஒருத்தர் இருக்காரே, சார்."

இருந்தார்.
இரண்டு தோள்களுக்கும் கீழே, அரை ஆளாய்,
கறுப்பு மண் அடைத்துக் கிடந்த இடத்தில்.
அவருக்கும் ஒரு ஈட்டி.

"சின்னப் பையனா?"
பையன்தான். ஆனால் ராஜா.
கைக்குழந்தையிலேயே பட்டம் கட்டிவிடுவார்களாம்.
"அப்ப, பிரிக்கறப்ப
அவனும் கையெழுத்துப் போட்டிருப்பானா?"

தெரியலம்மா என்றேன்.
அண்ணன்கள் கிணற்றடியில்
இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

தாசில்தாரிடம் ஒப்படைக்க வேண்டிய பொருள்.
காக்கி உறையில் போட்டு மேலே புல எண் எழுதினேன்.
எழுதிய கையோடு
வாரிசுச் சான்றை வெளியே எடுத்தேன்,
காலையில் பார்த்த அதே தாள்.
மூன்று பெயர்கள்.
மூன்றும் ஒரே அளவு எழுத்து.

நாலு பத்து பஸ் ஹாரன் அடித்துப் போனது.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
கல் குழியோரம் படுத்திருந்தது.
குழியை மூடச் சொல்லி
யாரும் சொல்லவில்லை.