இதர

படமெடுத்தவன் மூன்று எண்ணுவதற்குள்
கண்ணை மூடிவிட்டேன்.
"பரவாயில்லை, யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று
அப்படியே அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டான்:
தேக்லே, குறைதீர்ப்பு, இரண்டாம் தளம்.
குத்தாயிசி எரிவாயு நிறுவனத்துக்குள்
நான் தூங்கிக்கொண்டேதான் நுழைந்தேன்.

நாற்காலி என் உயரத்துக்கு இறங்க மறுக்கிறது.
முன்பு இதில் இருந்தவன் பெயர் ஷால்வா,
நெட்டையன் போலிருக்கிறது.
அவன் இழுப்பறையைக் காலிசெய்யச் சொன்னார்கள்:
சூரியகாந்தி விதைத் தோல்,
ஒற்றைக் கையுறை,
மை தீராத பேனா ஆறு,
நாளுக்கொரு பெருக்கல் குறி போட்ட நாட்காட்டி.
குறிகள் ஒரு வியாழக்கிழமைவரை வந்து
நின்றுவிடுகின்றன.
அதற்கப்புறம் வெறும் கட்டங்கள்.

எங்கே போனான் என்று கேட்டேன்.
போலந்துக்கு, லாரி ஓட்ட, என்றாள் மக்வாலா.
மூன்றாம் தளத்துக்கு, பதவி உயர்வில், என்றான் கோச்சா.
காப்பி இயந்திரத்தருகே இன்னொருத்தி
ஒன்றும் சொல்லாமல்
கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.
நாட்காட்டியைத் தூக்கிப்போட மனமில்லை.
முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன்.

நான் படித்தது பாறைகள்.
ஐந்து வருடம்.
தலைவிளக்கோடு குகைக்குள் தவழ்ந்து
ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே
எத்தனை நொடி என்று எண்ணிக் குறித்தவள்.
அதற்காக என்னிடம் உவமை கேட்காதீர்கள்.
சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்தால் தூணாகும் என்று
நேற்றிரவு அக்காவும் போனில் ஆரம்பித்தாள்.
ஆகும்.
நாற்பதாயிரம் வருடத்தில்.
என் வாடகை ஐந்தாம் தேதி.

கணினி கேட்டது கடவுச்சொல்.
தொண்ணூறு நாளில் காலாவதி.
பிறகு புதிது வேண்டும்,
பழையது செல்லாது.
கணக்குப் போட்டேன்:
முப்பது வயதுக்குள் இருபத்துநாலு சொல்.
அத்தனை என்னிடம் இருக்கிறதா?

புகாருக்கெல்லாம் எண் உண்டு.
பதினான்கு பாக்கி, இருபத்திரண்டு கசிவு,
முப்பத்தொன்று பெயர்ப்பிழை.
கடைசியில் தொண்ணூற்றொன்பது, இதர.
அதை அதிகம் தொடாதே,
மாத அறிக்கையில் அசிங்கமாகத் தெரியும், என்றாள் மக்வாலா.

பதினொன்றே காலுக்கு
ஸ்கால்துபோவிலிருந்து ஜெமால் என்றொருவர்.
ஜனவரியிலிருந்து மீட்டர் ஓடவில்லை.
அடுப்பு எரிகிறது, ஹீட்டர் எரிகிறது,
பில் மட்டும் பூஜ்யம் பூஜ்யமாக வருகிறது.
"குளிர் முடியட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.
இனிமேல் முடியாது, தூக்கம் வரவில்லை."
அபராதம் வரலாம் என்றேன்
(சொல்லக்கூடாது, சொல்லிவிட்டேன்).
தெரியும் என்றார்.
பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்தது.
பட்டியலில் மேலும் கீழும் தேடினேன்.
நின்றுபோனதைத் தானே வந்து
நின்றுபோனது என்று சொல்கிறவனுக்கு
எண் இல்லை.
தொண்ணூற்றொன்பதை அழுத்தினேன்.

அதனால் எதுவும் மாறிவிடவில்லை.
அடுத்து வந்தவன் கெட்டவார்த்தை சொன்னான்.
மூன்று மணிக்கு முதுகு பிடித்துக்கொண்டது.
அழுகை வரும் என்று
கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்,
ஐந்து நிமிடம்.
வரவில்லை.
கைகழுவிக்கொண்டு வந்தேன்.

மாலை, ரியோனிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பயணச்சீட்டுக் கூண்டு.
வருடத்துக்கு எடுத்தால் பாதி விலை,
எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள், என்றாள் உள்ளே இருந்தவள்.
வருடமா?
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.
பாலத்தடியில் வெள்ளைக் கற்களோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது தண்ணீர்.
அந்தக் கற்களின் பெயர் தெரியும் எனக்கு,
வயதும் தெரியும்.

"ஒரு மாதத்துக்குப் போதும்" என்றேன்.
அவள் சில்லறை தேடிக்கொண்டிருக்கும்போது
ஏதோ நினைத்து,
"இல்லை, இரண்டாகவே கொடுங்கள்."