ஆறடிக்கு அந்தப்பக்கம்

அஜெண்டாவில் பதினாலாவது இது.
பதிமூன்றாவது தெருநாய்.
பதினைந்தாவது, மீன்சந்தை ஓடையை அடைத்த தெர்மாகோல்.
நடுவில் டைப் அடித்திருந்தார்கள்:
"க்ராட்டம் என்னும் இலைப்பொடி விற்பனையைத்
தடைசெய்வது குறித்து."
தலைவர் 'கிராதம்' என்று வாசித்தார்.
யாரும் திருத்தவில்லை.

பச்சைப் பொடி. பார்த்தால் மருதாணி என்பீர்கள்.
சைஜுவின் ரீசார்ஜ் கடையில்
சிப்ஸ் சரத்துக்குப் பின்னால் தொங்கும்.
பாக்கெட்டில் ஒரு தாய்லாந்து யானை,
காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு.
அங்கேயும் ரப்பர் வெட்டுகிறவர்கள்தான்
இந்த இலையை மெல்லுகிறார்களாம்.
சைஜு சொன்னதில்
அதை மட்டும் நான் நம்பினேன்.
ராத்திரி இரண்டரைக்கு நெற்றியில் விளக்குக் கட்டி
முந்நூறு மரத்துக்கு முந்நூறு தடவை குனிகிறவனின் இடுப்பு
எந்த நாட்டிலும் ஒரே பாஷைதான் பேசும்.

ஆறாம் வார்டு பெஞ்சமின் எழுந்தார்.
அவருடைய அண்ணன் மகன் ஜெபின்
பொடியோடு தூக்கமாத்திரையும் சேர்த்துப் போட்டுப்
படுத்தவன்தான்.
வைகாசியில்.
பெஞ்சமின் மைக்கைத் தட்டினார். வேலை செய்தது.
மறுபடி தட்டினார்.
அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பதினோராம் வார்டு லில்லிபுஷ்பத்துக்கு மைக் வேண்டாம்.
"எனக்க மாப்பிள பிராந்திய விட்டது இந்தப் பொடியிலதான்.
ஒம்பது மாசமா எனக்க மேல கைவைக்கல்ல.
டாஸ்மாக்கப் பூட்டிட்டு வாருங்க,
பொறவு இலையப் பற்றிப் பேசுவோம்."
சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

செயல் அலுவலர் புத்தகம் புரட்டினார்.
தடைசெய்ய நமக்கு அதிகாரம் உண்டா என்பதே
மேலே எழுதிக் கேட்கவேண்டிய விஷயமாம்.
வேண்டுமானால் கடை லைசென்சை நிறுத்தலாம்.
சைஜுவின் லைசென்சோ ரீசார்ஜுக்கு.

குளக்கரையில் நிற்கும் நீர்க்கடம்பு
இந்த மரத்துக்குத் தம்பிமுறைதானே,
அதையும் வெட்டணுமா என்று
கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல்.
"இத மினிட்சில எழுதாதே" என்றார் தலைவர்.
அதையும் சேர்த்து எழுதியிருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள்.
பெட்டி
ஜெபின் வீட்டு நடையில் திரும்பாமல்
கொஞ்சநேரம் சாய்ந்து நின்றது ஞாபகம் வந்தது.
தூக்கினேன்.
ஒன்பதுக்கு ஐந்து. ஒருவர் சாயா குடிக்கப் போயிருந்தார்.

மறுநாள் சைஜு
மேசையை, குடையை, யானையைத் தூக்கிக்கொண்டு
முடுக்கைக் கடந்தான்.
அயினிமூட்டுச் சந்தையில் அதுதான் எல்லை.
இந்தப்பக்கம் நாங்கள். அந்தப்பக்கம் கேரளம்.
ஒரே மழை, ஒரே சாக்கடை, இரண்டு கரண்டு ஆபீஸ்.
ஆறடி.
எங்கள் தீர்மானம் மூன்றடியிலேயே முடிந்துபோனது.

நாலாம் நாள் ராத்திரி
என் வீட்டுக்காரர் சுந்தரதாஸ்
கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தவர்
எழும்பவில்லை.
பால்வாளியைப் பிடித்து முயன்று பார்த்தார்.
வாளிதான் உருண்டது.
"நீயும் கை தூக்கினியா?"
"தூக்கினேன்."
"செரி."
அவ்வளவுதான் கேட்டார்.
இவர் எத்தனை நாளாக என்று
நானும் கேட்கவில்லை.
எண்ணெய் காய்ச்சினேன். தேய்த்தேன்.
அன்றைக்கு முந்நூறு மரமும் சும்மா நின்றது.

சாயங்காலம் மீனுக்குப் போனேன்.
சாளைக் கவரோடு
முடுக்கின் ஓரத்தில் நின்றேன்.
லில்லிபுஷ்பம் எதிரே வந்தாள்.
என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள்,
"சாளை எவ்வளவு?" என்றாள்.
சொன்னேன். போய்விட்டாள்.

அப்புறம் கடந்தேன்.
பத்து கிராம்.
சைஜு யானையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்,
"மெம்பர் சேச்சி, பில்லு வேணோ?"

வேண்டாம் என்றேன்.
நாலெட்டு நடந்து திரும்பி வந்து
எழுது என்றேன். என் பெயரில்.
அவனிடம் இருந்தது ஒரே பில் புத்தகம்.
ரீசார்ஜ் என்று எழுதினான்.
நூற்றிருபது.