பதினான்காவது கடை

இந்த ஆண்டு நான் மூட வந்த பதினான்காவது கடை.
டூயிஸ்பர்க், நவம்பர், விடாத மழை.
முதல் வாரம் முப்பது சதவீதத் தள்ளுபடி,
பிறகு ஐம்பது, எழுபது.
நேற்றிலிருந்து
அலமாரிகளுக்கே விலை ஒட்டுகிறேன்.

நகரும் படிக்கட்டை நிறுத்தியாயிற்று.
ஏறுகிறவர் எல்லாம் முதல் படியில்
ஒரு கணம் தடுமாறுகிறார்கள்.
கால்களுக்கு இன்னும் சேதி போகவில்லை.

கையுறைப் பிரிவு ஹைட்ரூன்
ஒரு மரக்கையைக் கொண்டுவந்து வைத்தாள்.
இருபத்தாறு குளிர்காலம்
அவள் உறை மாட்டி, கழற்றி, மாட்டிய இடக்கை.
சுண்டுவிரல் நுனி வழவழத்திருந்தது.
பார்கோடு இல்லை.
மூன்று யூரோ என்றேன், வாய்க்கு வந்தபடி.

"ஊழியர் தள்ளுபடி?"

செவ்வாயோடு முடிந்துவிட்டது.

சில்லறையாக எண்ணி வைத்தாள்.
ரசீதும் கேட்டு வாங்கினாள்,
திருப்பித் தர வருகிறவள் மாதிரி.

அசையாத படிகளில்
அவள் மட்டும் தடுமாறாமல் இறங்கினாள்.
வாசலில்
பைக்கு வெளியே நீண்டிருந்த விரல்கள்
மழையைத் தொட்டுப் பார்த்தன.

இரவு கணக்கை முடிக்கும்போது
இழுப்பறையில் கிடந்தது வலக்கை.
ஒரு யூரோ என்று ஒட்டினேன்.
பசை பிடிக்கவில்லை.
இன்னொரு சீட்டு கிழித்து
மறுபடி ஒட்டினேன்.