பியர் வைத்த சுருதிப்பெட்டி

வியாழன் ஏழு மணிக்கு
பார் மேசையின் ஈரத்தில்
ஒரு தாளும் மொட்டைப் பென்சிலும் கிடக்கும்.
ஆளுக்கு இரண்டு பாட்டு, இல்லையென்றால் பத்து நிமிடம்,
எது முதலில் அலுக்கிறதோ அது
என்பான் லாக்கி. ஒலிபெருக்கி அவன் பொறுப்பு.
மேலே ஆறு வரியும் காலியாக இருந்தாலும்
ஏழாவதில்தான் என் பெயரை எழுதுவேன்.

முதல் தடவை கேப்போவைத் தப்பான கட்டத்தில் மாட்டிவிட்டு
என் குரல் போகாத உயரத்தில்
ஒரு முழுப் பாட்டையும் பாடி இறங்கினேன்.
யாரும் கவனிக்கவில்லை என்றார்கள், ஆறுதலாக.
அந்த ஆறுதல்தான் இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

கூட்டம் என்றால் பதினோரு பேர்.
ஒன்பது பேர் தாங்களும் பாட வந்தவர்கள்,
நான் பாடும்போது
உதட்டுக்குள் தம் வரிகளை ஓட்டிப் பார்ப்பவர்கள்.
பத்தாவது ஆள் ஒரு சாம்பல் நிற நாய்.
பதினோராவது, அதைப் பிடித்திருப்பவர்.

டெஸ்மண்டின் முன்னுரை பாட்டைவிட நீளம்.
மனைவி போன கதையில் வாரம் ஒரு ஊர் கூடும்;
பாட்டில் அதே மூன்று கார்டுதான்.
ஃபெலெட்டிக்குத் தேவாலயத்தில் வளர்ந்த தொண்டை,
மைக்கை ஒரு முழம் தள்ளிவைத்துவிட்டுத்தான் வாய் திறப்பான்.
அவனுக்கு அடுத்துப் பாடுவது
மழைக்குப் பின் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

பகலில் எனக்குத் துறைமுகத்தில் வேலை.
ஆட்டிறைச்சி அடைத்த குளிர்ப்பெட்டகங்களின் நடுவே
போர்ட் சால்மர்ஸ் காற்றில்
காதைத் தீட்டிக்கொண்டு நடப்பேன்.
இரைவது நல்லது.
இருமுவதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
சத்தமே இல்லாததைக் கண்டால் ஓட வேண்டும்.

அதனால்தானோ என்னவோ
இங்கேயும் முதலில் காதில் விழுந்தது
பாருக்குப் பின்னால் நிற்கும் பியர் குளிர்ப்பெட்டி.
கண்ணாடிக் கதவு, ஒரு பக்கம் எரியாத விளக்கு,
ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே ரீங்காரம்.
மூன்றாம் தந்தியை அதற்குத்தான் சேர்ப்பேன்,
மற்றவை அதன் பின்னால் வரும்.
உன் கிட்டார் எப்போதும் கொஞ்சம் ஏறியே இருக்கிறது
என்பான் லாக்கி.
அறையே அங்கேதான் இருக்கிறது, லாக்கி
என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் குளிரில் ஒரு வியாழன்.
விற்றுவிட்ட பச்சை வேனைப் பற்றி என் புதுப் பாட்டு.
வேன் மலையேறும் இடத்தில்
அறை நின்றது.

கை தானாக விட்டது.
எது ஆஃப் ஆச்சு? என்றேன்
மைக்குக்குள், வேலையில் கத்தும் குரலில்.
எல்லாத் தலைகளும் திரும்பின. நாய் காதை நிமிர்த்தியது.
பாருக்குப் பின்னால் நைரீ
பிளக்கை எலிபோலத் தூக்கிப் பிடித்திருந்தாள்.
உன் பாட்டு மெல்லிசு, இது இரைஞ்சுகிட்டே இருந்தது,
அதான்...
மறுபடி செருகக் குனிந்தாள்.

செருகாதே!
நின்ற கம்ப்ரசரை உடனே எழுப்பக் கூடாது.
மூன்று நிமிடம் விடு.

மூன்று நிமிடம் என்றால் ஒரு பாட்டு.
எனக்கு அது உறைத்த நொடியில்
அவர்களுக்கும் உறைத்தது.

பாடினேன்.
நகம் தந்தியில் உரசுவது கேட்டது.
வெளியே மரம் ஏற்றும் கப்பலின் சங்கிலி கேட்டது.
மூச்சு வாங்குமிடமெல்லாம் மூச்சு என்றே கேட்டது.
வேன் இறங்கும் வரிகள் மறந்துபோய்
ஏறிய வரிகளையே இன்னொரு தடவை ஏறினேன்.
கண்ணாடிக்குள் பாட்டில்கள் வியர்த்தன.
டெஸ்மண்டின் உதடு அசையவில்லை.

கடைசி வரிக்குச் சற்று முன்
நைரீ கடிகாரத்தைப் பார்த்துச் செருகினாள்.
பெட்டி ஒருமுறை குலுங்கி,
பாட்டில்களை ஒன்றோடொன்று இடித்து,
தன் சுரத்தில் போய் நின்றுகொண்டது.
கைச்சூட்டில் என் மூன்றாம் தந்தி
ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.

யாரோ கைதட்டினார்கள், கையுறையோடு.
எட்டாவது யார்? என்றான் லாக்கி
தாளைத் தேடிக்கொண்டு.
அது நாயின் காலடியில் கிடந்தது.