எடுத்த படம்

ஒரு ரோலுக்கு முப்பத்தாறு.
பார்த்துச் சுற்றினால் முப்பத்தேழு.
கழுவுகிற கூலி, ஸ்கேன் கூலி, சென்னைக்குக் கூரியர்
எல்லாம் போட்டு
ஐஸ் கம்பெனிக் கணக்குநோட்டின் கடைசிப் பக்கத்தில்
வகுத்துப் பார்த்தேன்.
ஒரு சொடுக்கு நாற்பத்திரண்டு ரூபாய்.

அதனால் வள்ளத்தில் பெரும்பாலும் சும்மாதான் இருந்தேன்.
சின்னப்பாலத்துப் பெண்கள் பதினொரு பேர்.
சேலைமேல் ஆண்சட்டை, விரல்விரலாய்த் துணிச்சுற்று,
பாதத்தில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு
ஒவ்வொருவராய்க் கடலுக்குள் சரிந்தார்கள்.
கச்சான் இன்னும் ஏறவில்லை.
தீவின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

இருபத்திரண்டாவது:
முத்திருளாயி மேலே வருகிறாள்.
கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கிறது.
பாசிப்பையின் கயிறு பல்லில்.
எதற்கோ சிரிக்கிறாள், எதற்கென்று கேட்கவில்லை.
அவளுக்குப் பின்னால் ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.
நான் நீர்க்காகத்தைத்தான் பார்த்தேன்.
அது எதன்மேல் நின்றது என்று பார்க்கவில்லை.

ரோல் சென்னையில் கிடந்த பத்தொன்பது நாளில்
முத்திருளாயிக்கு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
முன்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள்.
பாம்பனில் நாலு நாள் மழை.
பிறகு ஒரு மத்தியானம் லிங்க் வந்தது.
சிக்னலுக்காக மீன்கூடையைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறி நின்று இறக்கினேன்,
‘பாசி 11’ குழுவில் போட்டேன்.

ஏன் கலர் இல்ல?
மண்ணு விழுந்த மாதிரி இருக்கே.
நல்ல போன் ஒண்ணு வாங்கு தம்பி.
மூன்று கட்டைவிரல், ஒரு ரோஜாப்பூ.

அப்புறம் அவள் கூப்பிட்டாள்.
“எடுத்த படத்தை எடுத்துடு.”
எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.
“பின்னாடி பாரெஸ்ட் போர்டு தெரியுது.
வாச்சர் கண்ணுல பட்டா
பையை எடுத்துக்குவான், வள்ளத்தை எடுத்துக்குவான்,
நான் எடுத்த பாசியையும் எடுத்துக்குவான்.
எடுத்துடு.”

பெரிதாக்கிப் பார்த்தேன்.
நீர்க்காகத்தின் காலடியில்
அனுமதி வரை எழுத்து தெரிந்தது.
இல்லை என்பதை அவள் தலை மறைத்திருந்தது.

அனைவருக்கும் நீக்கு என்று அழுத்தினேன்.
நீக்கப்பட்டது என்று சாய்ந்த எழுத்தில் வந்தது.
அதற்குள் ஏழுபேர் பார்த்திருந்தார்கள்.

சாயங்காலம் நேரே ஐஸ் கம்பெனிக்கே வந்துவிட்டாள்.
“போன்ல போனா போச்சுன்னு இல்லையாம்,
ரோல்ல நிக்குமாம். எம் பொண்ணு சொன்னா.”
ஆறாறாக வெட்டிய கீற்றுகளை உறையோடு எடுத்தேன்.
இருபத்தொன்றில் வெறும் தண்ணீர்.
இருபத்துமூன்றில் வள்ளத்தின் வால்.
நடுவிலிருந்ததை
பில் கிழிக்கிற கத்தரியால் வெட்டி
உள்ளங்கையில் வைத்தேன். தபால்தலை அளவுதான்.

லேபின் கணினியில்
அது இன்னும் பதினொரு நாள் இருக்கும் என்பதை
நான் சொல்லவில்லை.

கொளுத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.
வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.
கடல் இருந்த இடத்தில் பால்.
“அட, நான் செவப்பா இருக்கேன்டா.
போர்டுல ஒரு எழவும் தெரியல.
இங்க பாரு, போன பல்லு இருக்கு. கருப்பா.”
நாக்கை அந்த இடைவெளியில் ஒருமுறை விட்டு எடுத்தாள்.
பிறகு மீனவர் அட்டைக்குப் பின்னால்
பர்சில் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது.
பரமக்குடியில் படிக்கிற மகள்.
படத்தைக் காலையிலேயே—
இல்லை, மத்தியானமே ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாளாம்.
எங்கம்மா என்று எழுதி, ஒரு திமிங்கிலமும் போட்டு.
நாற்பத்தொரு பேர் பார்த்தாச்சாம்.

முத்திருளாயி என்னைப் பார்த்தாள்.
நாளை மத்தியானம் ரெண்டு மணிக்கு
அது தானாகப் போய்விடும் என்றேன்.

“ரெண்டுக்கா?” என்றாள்.
“அஞ்சுக்கே நான் தண்ணிக்குள்ள இருப்பேனே.”